கோமளா பெயரில் ஒரு காது

கலைவாணி என்ற பெயரைக் கோமளா முதன்முதலாகக் கேட்டது, அந்தப் பெயரை அவளுக்கே கொடுத்தபோதுதான். கல்யாணமாகிப் பாரிவாக்கத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை நாத்தனாரை அந்த வீட்டில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அதுவும் உரக்க, இரண்டு மூன்று தரம். ஒரு நாள் காலையில் மாமியார் அடுப்படிக்கு வந்து, நாளையிலிருந்து பாப்பாதான் கோமளா, யாராவது வந்து கேட்டால் நீ கலைவாணி என்று சொல்லிவிடு என்றாள். கலைவாணி யார் என்று கோமளா கேட்டாள்.

"பாப்பாதான், வேற யாரு" என்றாள் மாமியார்.

விஷயம் இதுதான். கோமளாவின் புருஷன் மணவாளனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை. கம்பெனியில் ஆஸ்பத்திரி புக் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் வேலை செய்பவனுடைய படம் மட்டும் ஒட்டியிருக்கும். பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் பெயரும் வயதும்தான். கூடப்பிறந்த தங்கைக்கு அதில் இடமில்லை. பாப்பாவுக்கோ பதினாறு வயதிலிருந்தே காது மந்தம். மாமியாரின் சித்தி ஒருத்தி திருநின்றவூரில் வாழ்க்கைப்பட்டவள், அவளுக்கும் இப்படித்தான், இரண்டாவது பிள்ளை பிறந்ததும் காது சுத்தமாகப் போய்விட்டது. அந்தச் சித்தியைக் கடைசிவரை வீட்டில் கைதட்டித்தான் கூப்பிட்டார்கள். பாப்பாவுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று மாமியாருக்கு வேகம். காதுக்குள் இருக்கிற குட்டி எலும்பு இறுகிவிட்டது, அதை எடுத்துவிட்டு அரிசிக் குருணையைவிடச் சின்னதாக ஒரு கம்பி வைத்தால் கேட்கும் என்று கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். 1988ஆம் வருஷம் அது. புக்கில் கோமளாவுக்கு வயது இருபது; பாப்பாவுக்கு நிஜ வயது பத்தொன்பது. அந்தப் பக்கத்து ஊர்களில் புக் இரவல் வாங்கிப் பிரசவம் பார்த்துக்கொண்டவர்களே உண்டு. யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. கல்யாணமான பெண் என்று சேர்த்தால் கழுத்தில் தாலி வேண்டுமே. கன்னிப்பெண் கழுத்தில் எப்படித் தாலி போடுவது? மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். கோமளாவுக்குத் தாலி பிரித்துக் கோர்க்கிற சடங்கு அந்த மாதம்தான் வரவேண்டும். அதை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் வைத்தாள். பழைய கயிற்றைப் பிரித்து, கோமளாவின் கழுத்தில் விரலி மஞ்சள் கட்டிய கயிற்றைப் போட்டுவிட்டு, தாலியை வேறொரு கயிற்றில் கோர்த்துப் பாப்பாவின் கழுத்தில் போட்டாள். முடிச்சு மட்டும் போடவில்லை. கயிற்றின் இரண்டு முனையையும் சேர்த்து ஓர் ஊக்கைக் குத்தினாள். முடிச்சு விழுந்தால்தானே கல்யாணம் என்பது அவள் கணக்கு.

மற்றவர்களுக்கெல்லாம் பிரிப்பதும் கோர்ப்பதும் ஒரே காலையில் முடிந்துவிடும். கோமளாவுக்கு ஒன்பது நாள் ஆனது.

அந்த ஒன்பது நாளும் அவள் வாசலுக்கு வரவில்லை. கோமளாதான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாளே. அப்படியும் மணவாளனோடு வேலை செய்யும் ஒருவர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். கதவைத் திறந்த கோமளா, நான் தங்கச்சி கலைவாணி என்றாள். உங்க அண்ணிக்கு ஒடம்பு எப்படி இருக்கு என்று அவர் கேட்டார். தேறிட்டாங்க என்று அவளே அவளைப் பற்றிச் சொன்னாள். அவர் போன பிறகு சாத்துக்குடியைத் தொடவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆபரேஷன் முழுமயக்கம் கொடுக்காமல் செய்தது. கம்பியை வைத்து முடித்ததும் டாக்டர் குனிந்து மெல்லிய குரலில், "கோமளா, கேக்குதாம்மா?" என்றாராம். அந்தக் காதில் விழுந்த முதல் சொல் அண்ணியின் பெயர் என்று கலைவாணி ஊருக்கு வந்ததும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று மாமியார் ஆணை போட்டாள், ஏனென்றால் நூம்பலிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. காதில் கம்பி வைத்த பெண் என்று தெரிந்தால் எவன் வருவான்? ஆஸ்பத்திரிச் சீட்டைக் கோமளாவிடம் கொடுத்தாள். உன் பேர்தானே இருக்குது, உன்கிட்டயே இருக்கட்டும் என்றாள்.

நூம்பல் உத்தமனுக்குக் கலைவாணியைக் கட்டிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு அப்போது மூன்று ஏக்கர் நெல் நிலம். கலைவாணி நாற்றுப் பறித்தாள், எருமை வைத்துப் பால் ஊற்றினாள். நிலத்தில் அடுக்குமாடி வந்த பிறகு, அந்த அடுக்குமாடிக்காரர்களுக்கே இட்லி மாவு அரைத்து விற்றாள். கிரைண்டர் சத்தத்தை வைத்தே மாவு பதம் சொல்வாள். கையை விட்டுப் பார்க்கமாட்டாள். இடது காது அவளுக்கு மந்தமாகவே நின்றுவிட்டது. அதனால் எங்கே போனாலும் புருஷனுக்கு இடப்பக்கமாகவே நடப்பாள். ஊரார் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மணவாளன் பட்டாபிராமில் மனை வாங்கி வீடு கட்டினான். கம்பெனியை மூடினார்கள். நாற்பத்தெட்டு வயதில், சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்; அவ்வளவுதான். அன்றிலிருந்து கோமளாவுக்குள் ஒரு நினைப்பு. யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அந்த ஒன்பது நாளைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஆடியில் கலைவாணியின் வலது கை விரல்கள் மரத்துப்போயின. மாவு கவரை முடிச்சுப்போட முடியவில்லை. தடுக்கி இரண்டு தரம் விழுந்தாள். கழுத்தில் நரம்பு நசுங்குகிற மாதிரி தெரிகிறது, காந்த ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, தள்ளிப்போட்டால் கால் விழுந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூந்தமல்லியில் ஒரு ஸ்கேன் சென்டரில் நாள் குறித்தார்கள். கலைவாணி கோமளாவுக்குப் போன் போட்டாள்.

"நீ கூட வா அண்ணி. அவரும் வராரு. நீ மட்டும் வாயத் தொறக்காத."

எதற்கு வாயைத் திறக்கக்கூடாது என்று கோமளாவுக்குக் கேட்காமலே தெரிந்தது. அன்று சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள். பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லி போகிறவரை, காந்தம், காந்தம் என்று ஒரே சொல் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சென்டரில் எழிலரசி என்று ஒரு பெண், தென்காசிப் பக்கம், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். நெஞ்சில் மெஷின் வைத்திருக்கிறதா, தலையில் கிளிப் போட்டிருக்கிறதா, காதுக்குள் ஏதாவது ஆபரேஷன் செய்து வைத்திருக்கிறார்களா, எலும்பில் பிளேட், ஸ்க்ரூ உண்டா. உத்தமன் பக்கத்திலேயே நின்றான். கலைவாணி ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். காது என்று வந்தபோதும் அதே குரலில் இல்லை என்றாள். சொல்லிவிட்டுக் கோமளாவின் மணிக்கட்டை அழுத்தினாள்.

நகைகளைக் கழற்றச் சொன்னார்கள். வளையல், கம்மல், மூக்குத்தி. கடைசியில் தாலிச் சங்கிலி. உத்தமன் கையை நீட்டினான். கலைவாணி அவனைத் தாண்டிக் கோமளாவின் கையில் வைத்தாள். தாலி அறுத்தவள் கையில் தாலியா என்று உத்தமன் முகம் சுருங்கியதைக் கோமளா பார்த்தாள். கலைவாணி நீலக் கவுனை மாட்டிக்கொண்டு கதவு பக்கம் போனாள்.

உள்ளேயிருந்து டக் டக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மெஷின் ஓடுகிறதா என்று கோமளா கேட்டாள். ஓடவில்லை, ஆனால் காந்தம் எப்போதும் இருக்கும், அதை விளக்கு மாதிரி அணைத்து வைக்க முடியாது என்றாள் எழிலரசி. கோமளா உட்கார்ந்தாள். எழுந்தாள். சங்கிலி உள்ளங்கையில் சூடாக இருந்தது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு தாலி அவள் கழுத்திலிருந்து அந்தப் பெண்ணிடம் போயிற்று. அது திரும்பி வந்த பிறகு என்ன ஆயிற்று? இப்போது இவளுடையது தன் கையில். எழிலரசி கதவுக் கைப்பிடியில் கை வைத்தாள்.

"கொஞ்சம் நில்லும்மா. அவ வலது காதுல கம்பி கீது."

எழிலரசி கையை எடுத்துவிட்டாள். கலைவாணி திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் சொல்ல முடியாது. வீட்டு வாசலில் கட்டிய மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

டாக்டர் சண்முகசுந்தரம் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிதானமான மனிதர். காதுக்குள் வைக்கிற இந்தக் கம்பிகளில் பெரும்பாலானவை காந்தத்துக்கு அசையாது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முன்னொரு காலத்தில் வந்த ஒரு வகை மட்டும் காந்தம் இழுக்கக்கூடியது என்று தெரிந்து திரும்பப் பெற்றார்கள் என்றார். அது உள்ளே அசைந்தால் கேட்கிற காதும் போகும், தலைசுற்றலும் பிடித்துக்கொள்ளும். எந்த வருஷம் வைத்தது என்று கேட்டார். எண்பத்தெட்டு என்றாள் கோமளா. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்ன கம்பி என்று எழுதிய சீட்டு இல்லாமல் உள்ளே அனுப்பமாட்டேன் என்றார். கலைவாணி என்ற பெயரில் எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சீட்டு என்று கேட்டார்.

"அந்தப் பேர்ல இல்ல சார்" என்றாள் கோமளா. "என் பேர்ல கீது."

அப்புறம் அவள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. புக், கம்பெனி, ஒன்பது நாள். உத்தமன் சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டான். காதைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ அவன் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும் மாடிப்படியில் நின்றான்.

"மணவாளன் பொண்டாட்டின்னு சேத்தீங்களே, அப்போ இவ கழுத்துல இன்னா இருந்திச்சு?"

"என் தாலி" என்றாள் கோமளா.

"அப்போ நான் கட்டினது ரெண்டாவதா?"

கேட்டுவிட்டு அவன் இறங்கிப்போய் எதிரே டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கலைவாணி நீலக் கவுனோடு படியில் நின்றாள். திட்டக்கூட இல்லை. கோமளாவின் கையிலிருந்த சங்கிலியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "போய் சீட்ட எடுத்துக்கினு வா அண்ணி" என்றாள்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கோமளா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பீரோவைத் திறந்தாள். கூறைப்புடவை வைத்த பெட்டிக்குள்தான் சீட்டை வைத்த ஞாபகம். அங்கே பாச்சை உருண்டைதான் இருந்தது. ரேஷன் கார்டு இருந்த டப்பாவைக் கவிழ்த்தாள். சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டாள். இடம்பெயர்ந்து வந்தபோது எதை எங்கே வைத்தோம் என்று ஒவ்வொரு வருஷமாக நினைத்து நினைத்துப் பின்னால் போனாள். அந்தக் கம்பி இழுக்கிற வகையாக இருந்தால்? கதவுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தாளே, அதற்குள் ஏதாவது ஆகியிருந்தால்? போன் போட்டு, காது கேக்குதா என்றாள். கேக்குது, நீ தேடு என்றாள் கலைவாணி. அரைமணி கழித்து மறுபடியும் போட்டாள். "அதான் பேசிகினு கீறேனே" என்று கலைவாணி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் நினைவுக்கு வந்தது. மணவாளன் செத்த பிறகு பி.எஃப். ஆபீசுக்கு அலைந்தபோது அவனுடைய காகிதங்களை எல்லாம் ஒரு துணிப்பையில் திணித்துப் பரணில் போட்டிருந்தாள். நாற்காலிமேல் ஸ்டூலை வைத்து ஏறினாள். பைக்குள் ஆஸ்பத்திரி புக் அட்டை கிழிந்து கிடந்தது. கம்பெனியை ஒரே நாளில் மூடியதால் யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. அதற்குள் மடித்த சீட்டு. திருமதி கோமளா, வயது 20, வலது காது. அடியில் ஒட்டியிருந்த சின்ன லேபிளில் ஆங்கில எழுத்தும் நம்பரும் இருந்தன. ஆங்கிலம் அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டூல் மேலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் காலை அவள் சென்டருக்குப் போனபோது உத்தமன் வாசலிலேயே நின்றான். ராத்திரி முழுக்க அவன் கலைவாணியோடு பேசவில்லையாம். ஆனால் காலையில் ஆட்டோவை அவன்தான் கூட்டிவந்தானாம். கோமளாவைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. முடிச்சு போட்டாங்களா?"

"இல்லண்ணே. ஊக்கு குத்தினாங்க. எங்க மாமியார் கையால."

"ஊக்கா?"

"சேஃப்டி பின்னு. ஆபரேஷனுக்கு முன்னால நர்ஸம்மா கழட்டி டம்ளர்ல போட்டாங்களாம்."

உத்தமன் ரோட்டைப் பார்த்தான். தண்ணி லாரி ஒன்று திரும்பிப் போகிறவரை யோசித்தான். "ஊக்குன்னா அது கணக்குல வராது" என்றான். பிறகு டீ சொல்லட்டுமா என்று கேட்டான்.

டாக்டர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காது டாக்டர் ஒருவரிடம் போனில் லேபிள் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பெயர் மாறியிருப்பதால் சீட்டை மட்டும் நம்பமுடியாது என்று, முதலில் கலைவாணியின் காதைச் சாதாரண சி.டி. ஸ்கேனில் எடுத்தார்கள். அதில் காந்தம் கிடையாது. படத்தில் வலது காதுக்குள் மட்டும், சீட்டில் எழுதியபடியே, நூல் நறுக்கு மாதிரி ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தது. இது இழுக்கிற வகை இல்லை, உங்கள் மெஷினில் போகலாம் என்று காது டாக்டரும் எழுதி அனுப்பினார். கோமளாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, இந்த ஆபரேஷன் எனக்கு நடந்ததல்ல, என் நாத்தனார் கலைவாணிக்கு நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எழுத அவளுக்குக் கால்மணி நேரம் ஆனது. கலைவாணி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் செத்தப்போ நீ இத நெனச்சியா அண்ணி? உன் தாலிய நான் போட்டுகினத?"

கோமளா பேனாவை நிறுத்தவில்லை. "டெய்லி நெனப்பேன்" என்றாள். "அப்புறம் அடுப்பு வேல வந்துரும்."

"நானும்தான்" என்றாள் கலைவாணி.

கவுன் மாட்டிக்கொண்டு மறுபடி தாலிச் சங்கிலியைக் கழற்றியபோது, அதை யாரிடம் கொடுப்பது என்று கலைவாணியின் கை நடுவில் நின்றது. "அண்ணிகிட்டயே குடு" என்றான் உத்தமன்.

இருபத்தைந்து நிமிஷம். கதவுக்கு இந்தப் பக்கம் கோமளா நடந்தாள். உள்ளே சம்மட்டியால் அடிக்கிற மாதிரி, பிறகு வண்டு கத்துகிற மாதிரி, பிறகு திரும்பவும் அடி. ஒவ்வொரு முறை சத்தம் நிற்கும்போதும் அவள் நின்றாள். பிடிக்காவிட்டால் அழுத்தச் சொல்லிக் கையில் ரப்பர் பந்து கொடுத்திருக்கிறோம், அழுத்தினால் எங்களுக்கு மணி அடிக்கும் என்று எழிலரசி சொல்லியிருந்தாள். மணி அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்பதே கோமளாவுக்குப் பயமாக இருந்தது. அழுத்த முடியாத கைதானே அது? ஓடிப்போய்க் கேட்டாள். இடது கையில்தான் கொடுத்திருக்கிறோம் என்றார்கள்.

கதவு திறந்தது. கலைவாணி காதிலிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே வந்தாள். கோமளா கிட்டே போய், வலது காதுப் பக்கமாக, மெல்லிய குரலில், "கலைவாணி" என்றாள். பாப்பா என்று அவள் கூப்பிடவில்லை.

"கேக்குது, கேக்குது. இன்னா சத்தம் அண்ணி உள்ள. கிரைண்டர்ல கல்லு மாட்டினா மாதிரி."

கழுத்தில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை நசுக்குவது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. புரட்டாசியில் ஆபரேஷன் செய்தார்கள். இந்தத் தடவை கழுத்தில் வைத்த பொருளின் பெயர், நம்பர், கூடவே காதுக் கம்பியின் நம்பர் எல்லாம் போட்டு, கலைவாணி, கணவர் பெயர் உத்தமன் என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். அதை அவள் மாவுக்கடைப் பர்ஸிலேயே வைத்திருக்கிறாள். மூன்று விரலில் உணர்ச்சி வந்துவிட்டது, சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் இன்னும் வரவில்லை. அரிசி மூட்டை தூக்கக்கூடாது என்று உத்தமனே தூக்குகிறான். கவர் முடிச்சும் அவன்தான் போடுகிறான்.

கலைவாணி இப்போது நூம்பலில், அதே வீட்டின் கீழ்த்தளத்தில், கிரைண்டருக்கு வலது காதைக் காட்டி உட்கார்ந்து ஒரு நாளைக்குப் பத்து கிலோ மாவு அரைக்கிறாள்.